ஒரு விரற்கடை

பத்தொன்பது ஆண்டுகளாக அந்த நூற்பாலையில் தீப்பிடிக்கவில்லை.

காரணம் காற்று. வெளியே நூறு பங்கு காற்றில் ஆக்சிஜன் இருபத்தொரு பங்கு. ஆலைக்கூடத்துக்குள் பதின்மூன்று. அந்தக் காற்றில் பஞ்சு எரியாது. தீக்குச்சியைக் கிழித்தால் மருந்து மட்டும் சீறி அணையும். குச்சி பற்றாது. மனிதர்கள் பழகிக்கொள்ள இருபத்தொரு நாள் ஆகும். முதல் வாரம் தலை வலிக்கும். இரண்டாம் வாரம் தூக்கம் கெடும். மூன்றாம் வாரம் உடம்பு ஒத்துக்கொள்ளும்.

அதற்கு முன்பு நடந்த கடைசித் தீயில் ஏழு பெண்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி சஷ்டிகாவின் அக்கா. அதற்குப் பிறகுதான் காற்றைக் குறைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து சஷ்டிகா அதே ஆலையில் சேர்ந்தாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பெண்கள் முதல் மாலையைத் இயந்திரத்துக்கோ நூல் சுற்றும் கதிருக்கோ போடுவதில்லை. கூடத்துக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்தில் நின்று ஆக்சிஜனைக் குறைக்கும் காற்றுத் தொட்டிக்குப் போடுவார்கள். போடுபவள் சஷ்டிகா.

"சாமி, நீ இல்லைன்னா நாங்க எல்லாம் சாம்பல்" என்பாள். சத்தமாக.

குறைந்த காற்றில் மற்றவர்கள் பேச்சை மிச்சப்படுத்துவார்கள். சஷ்டிகா மிச்சப்படுத்தியதில்லை. கதிர்களின் இரைச்சலுக்கு மேல் அவள் குரல் கேட்கும். அறுந்த இழையைத் திட்டுவாள். மேலாளரின் வழுக்கையைப் பற்றிப் பாடுவாள். அவளோடு பதினான்கு ஆண்டுகளாக ஜோடியாக இருந்தவள் பவதாரிணி. எல்லோரும் தாரிணி என்பார்கள். உறவில்லாவிட்டாலும் அவள் சஷ்டிகாவை மதினி என்பாள்.

ஜோடி என்பது ஆலையின் விதி. கூடத்துக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவு மூடியபின் இடை அறையில் இருபது நிமிடம் நிற்க வேண்டும். உள்கதவு திறக்கும் முன் ஒவ்வொருத்தியும் தன் ஜோடியின் கழுத்தில் இரண்டு விரல் வைத்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். வைக்க வேண்டிய இடம் தாடை எலும்பு மடங்கும் முனைக்கு நேர் கீழே. நூறைத் தாண்டினால் அன்று உள்ளே போகக் கூடாது. ஆரம்பத்தில் கைப்பட்டைக் கருவி கொடுத்துப் பார்த்தார்கள். பெண்கள் அதை ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள். தினமும் முகம் பார்க்கும் ஜோடியை ஏமாற்ற முடியாது என்று நிர்வாகம் நினைத்தது.

இன்னொரு விதியும் இருந்தது. கூடத்தின் காற்று வெளியே போகாமல் சுற்றி வரும். ஒருத்திக்குக் காசநோய் என்றால் எல்லோருக்கும் வரும். அதனால் கழுத்தில் நெறி கட்டியவள் ஆறு மாதம் வெளியே. அவள் ஜோடிக்கு வேறு ஜோடி போடுவார்கள். திரும்பி வந்தாலும் பழைய ஜோடி கிடைக்காது.

தாரிணி கொழுந்தன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். அந்த இரண்டு நாளுக்கு மெர்லின் என்ற புதுப் பெண்ணை சஷ்டிகாவோடு நிறுத்தினார்கள். மெர்லினுக்கு இருபத்தொரு நாள் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சொல்லிக்கொடுத்த இடத்தில் விரலை வைத்தாள்.

"ஆடாதீங்கக்கா."

"நான் எங்கடி ஆடுனேன்? சிலை மாதிரி நிக்கிறேன்."

"இங்க ஒரு உருண்டை இருக்கு. அதுவும் துடிக்குது."

"அது என் கோவம். கையை எடு."

மெர்லின் எடுக்கவில்லை. "நெல்லிக்காய் அளவு இருக்குக்கா" என்றாள். மேற்பார்வையாளருக்கு அது கேட்டது.

ஆலை மருத்துவர் நெறி என்றார். ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்க்க மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். சஷ்டிகாவின் கணவர் லாரியோடு வடக்கே போயிருந்தார். கல்யாண வீட்டிலிருந்து வந்த தாரிணிதான் கூடப் போனாள்.

பேருந்தில் தாரிணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

"என்ன புள்ள, கொழுந்தன் கல்யாணத்துல சாப்பாடு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு மதினி."

"பின்ன எதுக்கு இப்படி மூஞ்சி? கட்டி எனக்கு, உனக்கில்ல."

மதுரையில் கழுத்துக் கட்டிகளைப் பார்ப்பவர் டாக்டர் ஹமீதா. நரைத்த தலை, குட்டையான விரல்கள். சஷ்டிகாவின் கட்டியைப் பக்கவாட்டில் தள்ளினார். நகர்ந்தது. மேலும் கீழும் தள்ளினார். நகரவில்லை. மறுபடி தள்ளினார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை அதன்மேல் வைத்து வெகுநேரம் கேட்டார். ஊசித் தட்டோடு நின்ற செவிலியிடம் திரும்பினார்.

"அதைக் கொண்டு போயிரும்மா. இதைக் குத்தினா ரத்தம் நிக்காது."

"அப்ப டிபி இல்லையா டாக்டர்?" என்றாள் சஷ்டிகா.

"இல்ல."

"பாத்தியா புள்ள, டிபி இல்லையாம்."

தாரிணி சுவரைப் பார்த்தாள்.

படம் எடுத்துப் பார்த்தபின் ஹமீதா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் இந்த இடத்துல ரெண்டாப் பிரியும். அந்தக் கவட்டையில அரிசி அளவுல ஒரு உறுப்பு இருக்கு. எல்லாருக்கும் உண்டு. ரத்தத்துல காத்து போதுமான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். குறைஞ்சா மூச்சை வேகமா இழுக்கச் சொல்லும்."

"வாட்ச்மேன்."

"வாட்ச்மேன்தான். உங்க வாட்ச்மேன் பதினேழு வருஷமாத் தூங்கல. வேலை செஞ்சு செஞ்சு வீங்கி, கட்டியாயிருச்சு."

"இது யாருக்கு வரும்?"

"ரொம்ப அபூர்வம்மா. சில குடும்பத்துல பரம்பரையா வரும். இல்லைன்னா உயரமான மலையில பொறந்து வளந்தவங்களுக்கு வரும். இருபத்தாறு வருஷத்துல நான் ஒம்பது பேர்தான் பாத்திருக்கேன்."

"நான் சதுரகிரியே ஏறுனதில்ல டாக்டர். பாதி வழியில உக்காந்து மோர் குடிச்சுட்டு எறங்கிட்டேன்."

"ஏறியிருக்கீங்க. தினம் எட்டு மணி நேரம். அந்தக் கூடத்துக் காத்து பன்னெண்டாயிரம் அடி மலைக்காத்து மாதிரி."

சஷ்டிகா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அந்தக் காத்துதான் எங்களைத் தீயிலேருந்து காப்பாத்துச்சு டாக்டர்" என்றாள்.

"தெரியும்மா. அதையும் செஞ்சது, இதையும் செஞ்சது."

இடப்பக்கமும் ஒன்று இருந்தது. பட்டாணி அளவு. அதைத் தொடப்போவதில்லை என்றார் ஹமீதா. இனிமேல் நல்ல காற்றில் இருந்தால் அது அப்படியே நிற்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும்.

"ரெண்டையும் எடுத்துட்டா என்ன?"

"அப்புறம் மூச்சு முட்டுறதே உங்களுக்குத் தெரியாது. காத்தில்லாத ரூம்ல சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பீங்க. அப்படியே சாஞ்சிருவீங்க."

"சிரிச்ச மொகமாச் சாகுறது நல்லதுதான?"

"மதினி, வாயை மூடுங்க" என்றாள் தாரிணி.

"வாயை மூடுறதப் பத்தியும் பேசணும்" என்றார் ஹமீதா. வலப்பக்கக் கட்டி ரத்தக்குழாயை முக்கால்வாசி சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே போகும் ஒரு நரம்பையும் பிடித்திருந்தது. "குரலுக்குப் போற நரம்பு அது வழியாத்தான் போகுது. பிரிச்செடுக்கப் பாப்பேன். முடியலைன்னா வெட்டணும். விட்டுட்டா கட்டி வளந்து முழுங்கவே விடாது. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா குரல் போகாதுன்னு உறுதியாவே சொல்லியிருப்பேன்."

"ரெண்டு வருஷமா?" என்றாள் தாரிணி.

"சுமாரா. அப்ப சுண்டைக்காய் அளவு இருந்திருக்கும்."

முதல் நாள் தொடை வழியாக ஒரு கம்பியை மேலே செலுத்தி, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோன சிறு குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். மறுநாள் காலை ஏழரைக்குக் கழுத்தைத் திறந்தார்கள். ஹமீதாவின் கையசைவைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கிச் செய்யும் இயந்திரக் கைகள் கட்டியை நூல் நூலாகப் பிரித்தன. ஏழு மணி நேரம் ஆனது.

மூன்று மணிக்கு ஹமீதா வெளியே வந்து, தாரிணி உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தார். யாரோ அவரிடம் டீ கொடுத்தார்கள்.

"நல்லா இருக்காங்க. கையைக் காலை அசைச்சாச்சு. கட்டி முழுசா வந்துருச்சு."

தாரிணி எழுந்து கும்பிட்டாள்.

"உக்காருங்க. நரம்பை எல்லா இடத்துலயும் பிரிச்சுட்டேன். ஒரு நகத்தளவு மட்டும் முடியல. அங்க வெட்டி ஒட்டியிருக்கேன். குரல் வரும். பழைய குரல் வராது."

தாரிணி உட்கார்ந்தாள்.

"கண்டுபிடிச்ச பொண்ணு பேரு என்ன?"

"மெர்லின்."

"அவகிட்டச் சொல்லுங்க. இன்னும் ஆறு மாசம் போயிருந்தா நான் இந்தக் கழுத்தைத் திறந்திருக்கவே மாட்டேன். எனக்குத் துணிச்சல் வந்திருக்காது." டீயைக் குடித்து முடித்தார். "கையால தொட்டு இவ்வளவு கண்டுபிடிக்க டாக்டருக்குப் படிக்கிற எங்க பசங்களுக்கு ரெண்டு வருஷம் ஆகும்."

பத்து நாள் பேசக் கூடாது என்று சொல்லி சஷ்டிகாவிடம் ஒரு சிலேட்டைக் கொடுத்தார்கள். நாலாம் நாள் பிற்பகல் அவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

காபி கழனித்தண்ணி, என்று எழுதினாள்.

"குடிங்க மதினி."

பக்கத்துக் கட்டில்காரி உன்னை என் மகளான்னு கேக்கறா. நான் அவ்வளவு கிழவியா?

"நாலு நாளாத் தலை சீவல. அதான்."

சஷ்டிகா சிலேட்டால் அவள் தோளில் தட்டினாள். தாரிணி சிரிக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு சொன்னாள்.

"மதினி, எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா. சுண்டைக்காய் அளவுல இருக்கறப்பவே என் விரல்ல பட்டுச்சு. சொன்னா டிபின்னு உங்களை வெளிய அனுப்பிருவாங்க. எனக்கு வேற யாரையாவது போடுவாங்க. பயந்துட்டேன். அடுத்த நாள்லேருந்து விரலை ஒரு விரற்கடை கீழ எறக்கி வச்சேன். அங்க நாடி கெடைக்கும். கட்டி தட்டாது." நிறுத்தினாள். "உங்க குரலை நான்தான் எடுத்துட்டேன்."

சஷ்டிகா சிலேட்டைத் துடைத்தாள். எழுதினாள்.

தெரியும்.

தாரிணி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

நீ எறக்குன நாளும் தெரியும். தைப்பூசத்துக்கு மறுநாள். பன்னெண்டு வருஷம் ஒரே இடத்துல வச்ச விரல். மாறினா எனக்குத் தெரியாதா?

"பின்ன ஏன் கேக்கல?"

கேட்டா நீ சொல்லணும். சொன்னா நான் போகணும்.

மறுபடி துடைத்தாள். இந்த முறை எழுத நேரமானது.

அந்த ரெண்டு வருஷம் நீ குடுத்தது. நல்ல ரெண்டு வருஷம். நான் குறை சொல்லல.

தாரிணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "நீங்க எனக்கு எறக்குனீங்களா?" என்று கேட்டாள்.

சஷ்டிகா வேகமாகத் தலையசைக்கப் போய், தையல் இழுத்து, முகத்தைச் சுளித்தாள். எழுதினாள்.

ஒரு நாள்கூட இல்ல. சரியான இடத்துலதான் பார்த்தேன். உனக்கு ஒண்ணுமில்ல.

தாரிணி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளவில்லை. சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹமீதா ஆலைக்குக் கடிதம் எழுதியிருந்தார். கூடத்தில் வேலை செய்யும் எல்லாப் பெண்களுக்கும் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆலை மேலாளர் கோதண்டபாணி கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். தாரிணி உள்ளே போனபோது எழுந்து நின்றார்.

"மதுரையில எல்லாருக்கும் எடம் கெடைக்க எட்டு மாசம் ஆகும்கிறாங்க. யாரை மொதல்ல அனுப்புறதுன்னே தெரியலம்மா. குலுக்கிப் போடவா முடியும்?"

"குலுக்க வேண்டாம் சார். நாளைக்கு மூணு ஷிஃப்ட்டுலயும் நான் சொல்றவரைக்கும் உள்கதவைத் திறக்கச் சொல்லாதீங்க."

"எதுக்கு?"

"கேட்டுப் பாக்கறேன்."

மறுநாள் காலை முதல் ஷிஃப்ட்டின் முதல் அணி. இடை அறையில் நாற்பத்திரண்டு பெண்கள், இருபத்தொரு ஜோடிகள். வெளிக்கதவு மூடியது. இருபது நிமிடம் கழிந்தது. எல்லோரும் ஜோடியின் கழுத்தில் விரல் வைத்தார்கள்.

"கண்ணை மூட வேண்டாம்" என்றாள் தாரிணி. "மதினி கழுத்துல இருந்தது டிபி இல்ல. காத்தால வந்த கட்டி. சின்னதா இருக்கறப்பவே எடுத்தா ஒண்ணும் ஆகாதாம். மதினிக்குக் குரல் போயிருச்சு. நான் சொல்லாததால போச்சு. தெரிஞ்சே விரலைக் கீழ எறக்கி வச்சேன்."

கண்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"டிபி இல்ல" என்றாள் மறுபடியும். "யாரையும் வெளிய போடமாட்டேன்னு சார் எழுதிக் குடுத்திருக்காரு. வேற யாராவது எறக்கி வச்சிருந்தா, இப்ப சரியான இடத்துல வைங்க."

காற்றுத் தொட்டியின் ஓசை சுவர் வழியாகக் கேட்டது. எதிர்வரிசையில் முத்துலட்சுமியின் கை அசைந்தது. அவள் விரல்கள் ஜோடியின் கழுத்தில் ஒரு விரற்கடை மேலேறின. பிறகு மூலையில் இன்னொருத்தி. பிறகு கதவருகே அக்கா தங்கை போல் இருக்கும் இருவரில் மூத்தவள். அவள் விரலை ஏற்றிவிட்டு அழத் தொடங்கினாள்.

"அழாம எண்ணுடி" என்றாள் அவள் ஜோடி.

அந்த அணியில் ஐந்து. அன்று முடிவதற்குள் மூன்று ஷிஃப்ட்டிலும் சேர்த்து இருபத்துமூன்று. மதுரைக்கு அவர்களை முதலில் அனுப்பினார்கள். மூன்று பேருக்குச் சாதாரண நெறி. ஒருத்திக்கு உண்மையிலேயே காசநோய். அவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மற்ற பத்தொன்பது பேருக்கும் அதே கட்டி. எல்லாம் சிறியவை. எந்த நரம்பையும் தொடாதவை.

ஹமீதா படங்களை ஒவ்வொன்றாக விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்தார். கடைசிப் படத்தைப் பார்த்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் பேசுவாங்க" என்றார். பத்தொன்பது பேருக்கும் வெளியே வராந்தாவில் அது கேட்டது. அவர்களில் ஒருத்தி விசிலடித்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஆலையில் கூட்டம். காற்றைப் பழையபடி கூட்டுவதா என்று கோதண்டபாணி கேட்டார். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு முன்வரிசையில் இருந்த சஷ்டிகா எழுந்தாள். கூட்டம் மொத்தமும் அமைதியானது. அப்போதுதான் அவள் பேசுவது கேட்கும். காய்ந்த இலையை மிதித்தது போன்ற குரல்.

"காத்தைக் கூட்டாதீங்க. எங்க அக்காவை நான் எலும்பாத்தான் வாங்குனேன். அந்தத் தொட்டிக்கு இந்த வருஷமும் நான்தான் மாலை போடுவேன். நேரத்தைக் கொறைங்க. உள்ள நாலு மணி, வெளிய நாலு மணி." மூச்சு வாங்கினாள். "அப்புறம், சாரோட மண்டை இப்ப முன்னைவிடப் பளபளன்னு இருக்கு."

சிரிப்பு அடங்க நேரமானது. கோதண்டபாணியும் சிரித்தார். தலையைத் தடவிக்கொண்டு, நாலு மணி நேரம் என்று எழுதிக்கொண்டார்.

பிறகு தாரிணி எழுந்தாள்.

"ஜோடியையும் மாத்துங்க சார். வாரம் ஒரு தடவ. யாருக்கும் நிரந்தரமா ஜோடி வேண்டாம்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து முத்துலட்சுமி கத்தினாள். "நீ ஏமாத்துனதுக்கு நாங்க ஏன் பிரியணும்?"

"நீயும்தான் ஏமாத்துன."

"அதான் ஒத்துக்கிட்டோம்ல? இனிமே செய்யமாட்டோம்."

"நான் செய்வேன்" என்றாள் தாரிணி. "எனக்குப் பிடிச்சவ கழுத்துன்னா நான் மறுபடியும் செய்வேன்."

முத்துலட்சுமி தன் ஜோடியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை முதல் புது முறை வந்தது. சஷ்டிகாவுக்கு வெளியே நூல் சிப்பம் கட்டும் பிரிவில் வேலை. இடை அறையில் தாரிணிக்கு எதிரே மூன்றாம் ஷிஃப்ட்டிலிருந்து வந்த ஒரு பெண் நின்றாள். பெயர் தெரியாது. பெண் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். குளிர்ந்த விரல்கள். கழுத்தில் பட்டும் படாமலும் நின்றன.

"நல்லா அழுத்து" என்றாள் தாரிணி.

"வலிக்குமேக்கா."

"வலிக்கட்டும். நான் யாரோன்னு நெனைச்சுக்க."

விரல்கள் அழுந்தின. தாரிணி கண்ணை மூடினாள். வலித்தது. அந்தப் பெண் வாய்க்குள் எண்ணத் தொடங்கினாள்.